பஞ்சம் விட்டுச்சென்ற பிள்ளைகள்

திருப்பூரில் ஆதரவற்ற குழந்தைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், "இத்தனை வேலை கிடக்கும் ஊரில் அநாதை ஏது?" என்று கேட்போர் உண்டு. இதற்கு விடை தேட, பனியன் கம்பெனிகள் தோன்றுமுன் இருந்த கொங்கு நாட்டுக்கு நாம் திரும்ப வேண்டும்.

1876 முதல் 1878 வரை நிலவிய தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் மடிந்தனர் என மதிப்பிடப்படுகிறது. கோவை மாவட்டமும் கடுமையாகத் தாக்குண்டது. பெற்றோரை இழந்த பிள்ளைகளை மாகாணமெங்கும் மிஷன் நிலையங்கள் ஏற்றன. இங்கோ, பஞ்சத்திற்கு 23 ஆண்டுகள் முன்பே, 1853இல், பாரீசு வேதபோதக சபையைச் சேர்ந்த அருட்திரு. ஜோசப் லூயி ரவேல் கோவையில் காணிக்கை மாதா கன்னியர் சபையைத் தோற்றுவித்திருந்தார். சிறுமியர் கல்வியும் ஆதரவற்றோர் பராமரிப்பும் அச்சபையின் பணிகளாயின.

பசித்த பிள்ளைக்குச் சோறும் திருமுழுக்கும் ஒருசேர அளித்தார்கள் என்று அக்கால மிஷன்கள்மீது எழுந்த குற்றச்சாட்டை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. அச்சோறு இல்லையேல் அப்பிள்ளைகள் பிழைத்திருக்கமாட்டார்கள் என்பதும் உண்மையே. இப்பணி நமக்கு மட்டும் உரியதன்று. திருப்பூரில் 1903இல் பிறந்த அவிநாசிலிங்கம், 1930இல் கோவையில் ஒரே ஒரு அரிசனச் சிறுவனோடு இராமகிருஷ்ண வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

பழைய அநாதை இல்லங்கள் தையலும் பின்னலும் கற்பித்தன. வயிறு பிழைக்க ஒரு கைத்தொழில் வேண்டும் என்பது அன்றைய எண்ணம். திருப்பூரிலோ தொழிலே பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுத்துக்கொண்டது. தையற்காரருக்கு அருகில் நின்று துணி மடித்துக் கொடுக்கும் 'கைமடி' வேலைக்குப் பெற்றோரில்லாப் பிள்ளை எளிதில் கிடைத்தான்.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் நம் பங்கில் அத்தகைய ஒருவன் இருந்தான். வயது பன்னிரண்டு. பெற்றோர் இருவரும் இறந்தபின் சித்தப்பா அவனைக் கைமடியாகச் சேர்த்திருந்தார். நாம் வாதாடி அவனை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். எட்டாம் நாள் ஓடி வந்துவிட்டான். நன்றி கெட்டவன் என்று நாம் சினந்ததும் உண்டு. பிறகுதான் விசாரித்தோம். அவனுக்கு ஏழு வயதில் ஒரு தங்கை. அது ஆண்பிள்ளைகள் விடுதி.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது. அது வெறும் ஏட்டுக் கொள்கையன்று. 2022 அக்டோபரில் திருமுருகன்பூண்டியில் ஒரு காப்பகத்தில் உணவு நஞ்சாகி மூன்று சிறுவர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. பெற்றோரை இழந்தவர்களை உறவினர் வீட்டிலேயே படிக்கவைக்கும் பொருட்டு, தமிழக அரசு 2025 செப்டம்பரில் 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கி, 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய் தர முன்வந்தது. அன்று அந்தச் சித்தப்பாவுக்கு இத்தகைய உதவி கிடைத்திருந்தால் அண்ணனும் தங்கையும் ஒரே கூரையின்கீழ் இருந்தே படித்திருக்கக்கூடும்.

ஆயின் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைப்போரின் பிள்ளைக்கு இவ்வூரில் சித்தப்பா யார்? இணைச்சட்ட நூல் அன்னியரையும் அநாதையையும் கைம்பெண்ணையும் ஒரே மூச்சில் சொல்லி, வயலில் மறந்த கதிர்க்கட்டை அவர்களுக்கு விடச்சொல்கிறது. இங்கே அன்னியரும் அநாதையும் ஒரே பிள்ளை. அத்தகையோரைக் கண்டால் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். 1098 என்ற உதவி எண்ணை ஆலய வாயிலில் தமிழில் எழுதி ஒட்டியிருந்தோம். சென்ற மாதம் பங்கின் இளைஞர் ஒருவர் அதனருகே இந்தியிலும் எழுதி வைத்தார்.