மருத்துவர் காக்கும் மறைபொருள்

தோட்டத்து ஆஸ்பத்திரியை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள். பெரிய டாக்டர் குறித்த நாளில் வந்து போவார். மற்ற நாளெல்லாம் டிரசர்தான் நமக்கு வைத்தியர். யாருக்கு என்ன நோய், எந்த வீட்டில் என்ன துயரம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கே ஒரு குடும்பத்தின் மானம் அவருடைய வாயடக்கத்தை நம்பியிருந்தது. இந்த உதவியாளர்களும் முறைப்படி பதிவு பெற வேண்டும் என்று 1965இல் நம் நாட்டில் தனிச்சட்டம் வந்தது.

இன்று தோட்டங்கள் பல மறைந்தன. சுங்கை பாக்காப் அரசாங்க மருத்துவமனைக்கு நாம் போகிறோம். தனியார் கிளினிக்குக்கும் போகிறோம். வைத்தியரின் கையிலும் கைப்பேசி இருக்கிறது. நம் புண்ணையோ பல்லையோ படம் பிடித்து முகநூலில் போட அவருக்கு உரிமை உண்டா? இதற்கு விடை காணச் சற்றே வரலாற்றைத் திரும்பிப் பார்ப்போம்.

கிரேக்க நாட்டு ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழி ஏறத்தாழ 2,400 ஆண்டுகள் பழமையானது. சிகிச்சையின்போது கண்டதையும் கேட்டதையும் வெளியே பரப்பமாட்டேன் என்று மருத்துவர் அதில் சொல்கிறார். நம் பாரத நாட்டுச் சரக சம்ஹிதையும், நோயாளியின் வீட்டுச் செய்திகளை வெளியிடலாகாது என்று மாணவனுக்குக் கட்டளையிடுகிறது. கடலும் மலையும் பிரித்த இரு நாட்டாரும் ஒரே முடிவுக்கு வந்ததற்குக் காரணம் எளிது. வெளியே தெரிந்துவிடுமோ என்று அஞ்சுகிறவன் நோயை மறைப்பான். மறைத்த நோய் முற்றும்.

இரண்டாம் உலகப் போரில் நாஜி மருத்துவர்கள் சிலர் சிறைக்கைதிகளின் உடலைச் சோதனைப் பொருளாக்கினர். அந்தக் கொடுமை வெளிப்பட்டபின், 1948இல் உலக மருத்துவ சங்கம் ஜெனீவாப் பிரகடனத்தை வெளியிட்டது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பதும் அதில் ஓர் உறுதி. நோயாளி இறந்த பின்னும் அதைக் காக்க வேண்டும் என்று 1968இல் சேர்த்தார்கள்.

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்கீழ் மலேசிய மருத்துவ மன்றம் இயங்குகிறது. நம்பிக்கைத் துரோகம் செய்யும் மருத்துவரைக் கண்டிக்கவும், பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. பல் மருத்துவர்களுக்குத் தனி மன்றம் இருக்கிறது.

சமூக ஊடகம் வந்தபின் பழைய கேள்வி புதிதாக எழுந்தது. 2011இல் உலக மருத்துவ சங்கம் இதற்கென அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் 2023 ஆகஸ்டு 2ஆம் நாள் வெளியான விதிகள், நோயாளியின் படத்தை மருத்துவர் சமூக ஊடகத்தில் இடுவதைத் தவிர்க்க வேண்டும் என்றன. மருந்தின் பொதுப்பெயரை எழுதுவது போன்ற வேறு பிரிவுகளுக்கு எதிர்ப்புக் கிளம்பியதால், அதே மாதம் 23ஆம் நாள் அவ்விதிகள் முழுவதும் நிறுத்தி வைக்கப்பட்டன.

பெயரைச் சொல்லவில்லையே, முகத்தைக் காட்டவில்லையே என்று சிலர் வாதிடலாம். பெருநகரத்தில் அது ஓரளவு செல்லும். நம் போன்ற சிற்றூரில் கையில் குத்திய பச்சை, விரலிலுள்ள வெட்டுத் தழும்பு, கழுத்துத் தாலி இவற்றில் ஒன்று போதும். ஊரே ஆளைக் கண்டுகொள்ளும். பல் கட்டுமுன் ஒரு படம், கட்டியபின் ஒரு படம் என்று விளம்பரம் செய்வோர் உண்டு. அந்தச் சிரிப்பும் ஒரு மனிதருக்குச் சொந்தமானதே. அவருடைய இசைவு வேண்டும். அதுவும் எதற்கு, எங்கே வெளியிடப் போகிறோம் என்பதை விளக்கிக் கேட்ட இசைவாக இருக்க வேண்டும்.

ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். டிங்கிக் காய்ச்சல் போன்ற தொற்றுநோயைச் சுகாதார இலாகாவுக்கு அறிவிப்பது 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவரின் கடமை. நோய் பரவாமல் தடுக்க அதிகாரியிடம் சொல்வது வேறு. வேடிக்கைக்காக ஊருக்குக் காட்டுவது வேறு.

ஆகவே, படம் எடுக்கும்போது “எதற்காக ஐயா?” என்று கேட்க நாம் கூச வேண்டியதில்லை. சிகிச்சைக் குறிப்புக்கு என்றால் சரி. ஊடகத்துக்கு என்றால் “வேண்டாம்” எனலாம். அதனால் நமக்கு மருந்து மறுக்கப்படலாகாது. மீறினால் மருத்துவமனை இயக்குநரிடமும், உரிய மன்றத்திடமும் எழுத்தில் முறையிடலாம். எழுதத் தெரியாத பெரியவர்களுக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும்.

கடமை நமக்கும் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போகும்போது பக்கத்துக் கட்டிலில் கிடப்பவரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அதுவும் அதே குற்றம்தான். மருத்துவரிடம் நாம் எதிர்பார்க்கும் அடக்கத்தை முதலில் நம் விரலுக்குப் பழக்குவோம்.