சோதனை விலங்கின் வம்சாவளி: கோலாலம்பூரின் நூறாண்டு

1900ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் நோய்க்குறியியல் நிலையமாகத் தொடங்கப்பட்டு, பின்னர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எனப் பெயர்பெற்ற நிறுவனம், ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெருமளவில் பலிகொண்ட பெரிபெரி நோயைத் தன் தொடக்ககால ஆய்வுப் பொருள்களுள் ஒன்றாக எடுத்துக்கொண்டது. கைகால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து உயிரைப் பறிக்கும் அந்நோய் புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களை அரிதாகவே தாக்குகிறது என்பதை லெனர்ட் பிராடன் என்ற மருத்துவர் சுட்டிக்காட்டியிருந்தார். ஹென்றி ஃபிரேசரும் ஆம்ப்ரோஸ் ஸ்டான்டனும் தீட்டிய அரிசியையும் புழுங்கல் அரிசியையும் தனித்தனியே உண்ட இரு குழுத் தொழிலாளர்களை ஒப்பிட்டுப் பார்த்ததோடு, தீட்டிய அரிசியை மட்டுமே உண்ட கோழிகளுக்கு நரம்புத் தளர்ச்சி வருவதையும், தவிட்டைச் சேர்த்தால் அது வராததையும் காட்டினர். கோழி எந்த வளர்ப்பைச் சேர்ந்தது என்ற கேள்வி அவ்வாய்வில் எழவில்லை. மனித நோயை ஒத்த நோய் அதற்கு வந்ததே போதுமானதாயிருந்தது.

அக்கேள்வியைத் தவிர்க்க முடியாதென்பதை 1913ஆம் ஆண்டு உணர்த்தியது. கழகத்தின் விலங்குக்கூடத்திலிருந்த கினிப்பன்றிகளிடையே ஒரு தொற்று பரவியது. அதற்குக் காரணமான நுண்ணுயிரி, ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சற்று முன்னர் மனித உடல்களில் கண்டறிந்ததே என்பது பின்னர் தெளிவாயிற்று. ஸ்டான்டனும் வில்லியம் ஃப்ளெட்சரும் 1921இல் அந்நோய்க்கு மெலியோயிடோசிஸ் என்று பெயரிட்டனர். அந்நிகழ்வு ஒரு புதிய நோயை அறியச் செய்தது உண்மையே. ஆனால், சோதனைக்கு முன்பே விலங்கிடம் தொற்று இருந்தால் எந்த விளைவையும் நம்ப இயலாது என்பதும் அதனாலேயே புலப்பட்டது.

1920களில் ஆய்வாளர்களின் கவனம் தோட்டப்புறங்களின் பக்கம் திரும்பியது. செம்பனைத் தோட்டங்களில் லாலான் புல் மண்டிய நிலத்தில் வேலைசெய்தோரைத் தாக்கிய ஸ்க்ரப் டைபஸ், சில நுண்ணிய உண்ணி இனங்களின், எலிகளின் மேல் வாழும் இளம்புழு கடிப்பதால் பரவும் காய்ச்சலாகும். ரேமண்ட் லூத்வெயிட்டும் எஸ். ஆர். சவூரும் 1930களில் நடத்திய விலங்குச் சோதனைகள், இக்காய்ச்சலும் ஜப்பானின் சுட்சுகாமுஷி நோயும் ஒன்றே என நிறுவ உதவின. 1948இல் ஜோசப் ஸ்மேடலின் தலைமையில் வந்த அமெரிக்கக் குழு, குளோரம்ஃபெனிக்கால் என்னும் மருந்து இந்நோயைக் குணப்படுத்துவதைக் கோலாலம்பூரில் கண்டறிந்தது. நோயாளியின் குருதியை வெள்ளைச் சுண்டெலிக்குள் செலுத்தி, அதனிடம் வளரும் கிருமியைக் கொண்டு நோயை உறுதிசெய்வது அக்கால வழக்கம்.

ஆயினும் எல்லாச் சுண்டெலிகளும் ஒரே விதமாக நோயுறுவதில்லை. உடன்பிறந்தவற்றையே குறைந்தது 20 தலைமுறைகள் இணைசேர்த்து, மரபில் ஏறத்தாழ ஒன்றேயாக ஆக்கப்பட்ட குலங்களை அகவழிக் குலங்கள் என்பர். ஸ்க்ரப் டைபஸ் கிருமியின் கில்லியம் வகையை எதிர்கொள்ளும்போது பால்ப்-சி குலம் பிழைப்பதும் சி3எச் குலம் மடிவதும் 1970களின் இறுதியில் வெளியான ஆய்வுகளில் ஒப்பிடப்பட்டன. அந்த வேறுபாட்டை ஆளும் ஒற்றை மரபணு ஐந்தாம் குரோமோசோமில் இருப்பதாகவும் காட்டப்பட்டது.

இயற்கையாக அமைந்த இத்தகைய வேறுபாட்டைத் தேடி அலையாமல், வேண்டிய மரபணுவை ஆய்வகத்திலேயே புகுத்தவோ முடக்கவோ வழிவகுத்த நுட்பங்கள் 1980களில் உருவாயின. கருவின் தண்டுயிரணுக்களில் குறிப்பிட்ட மரபணுவை முடக்கும் முறைக்காக மாரியோ கப்பெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஆலிவர் ஸ்மித்தீஸ் ஆகியோர் 2007இல் நோபல் பரிசு பெற்றனர். இவ்வாறு பல்கிய குலங்கள் அனைத்தையும் உயிருடன் வளர்த்துவருவது செலவு மிக்கது. தலைமுறைதோறும் தற்செயல் மாற்றங்கள் சேர்வதால் குலத்தின் மரபும் விலகிச் செல்லும். சுண்டெலிக் கருக்களை உறையவைத்து, மீண்டும் உருக்கி, உயிருள்ள குட்டிகளைப் பெறலாம் என 1972இல் விட்டிங்ஹாம், லீபோ, மேசர் ஆகியோர் காட்டியதால், இன்று கருவும் விந்தும் மைனஸ் 196 பாகை வெப்பநிலையிலுள்ள திரவ நைட்ரஜனில் பேணப்படுகின்றன.

2009 டிசம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள மலேசியாவின் 2007ஆம் ஆண்டு உயிரிப் பாதுகாப்புச் சட்டம், மரபணு மாற்றப்பட்ட உயிரிகளை ஆய்வகத்துக்குள் கையாள்வதையும் தன் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. ஆகவே கோலாலம்பூரை உள்ளடக்கிய கிள்ளான் பள்ளத்தாக்கின் ஆய்வகத்துக்கு அத்தகைய சுண்டெலி வந்து சேரும்போது, அதன் குலம், மாற்றப்பட்ட மரபணு, தொற்றுநிலை ஆகியவற்றின் பதிவும் உடன் வந்தாக வேண்டும். அப்பதிவு இல்லாத விலங்கு எவ்வளவு நலமாக இருந்தாலும் அதைக்கொண்டு பெறும் முடிவுக்குச் சான்றின் தகுதி கிடைப்பதில்லை.