காவல்துறை நண்பர்கள் குழு

காவல்துறை நண்பர்கள் குழு: ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ என்றே பரவலாக அறியப்பட்ட சமுதாயக் காவல் திட்டம். 1993இல் இராமநாதபுரத்தில் தொடங்கித் தமிழ்நாடு முழுவதும் பரவிய இது, ஊதியம் பெறாத தன்னார்வலர்களைக் காவல் நிலையப் பணிகளில் சேர்த்துக்கொண்டது, 2020இல் தடைசெய்யப்பட்டது.

ஊராரே ஊரைக் காப்பது தமிழகத்தில் பழைய வழக்கம். தென்மாவட்டப் பாளையக்காரர்கள் தேசகாவல், ஸ்தலகாவல் என்ற பெயர்களில் காவல்வரி வாங்கினர். களவுபோன பொருளை மீட்டுத்தர முடியாவிட்டால் காவல்காரர் ஈடுகட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. 1801 பாளையக்காரர் போருக்குப்பின் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த உரிமைகளைப் பறித்தது. 1859இல் சென்னை மாகாணத்துக்கும், 1861இல் இந்தியாவுக்கும் வந்த போலீஸ் சட்டங்களால் காவலர் மேலதிகாரிக்கு மட்டும் பதில்சொல்பவரானார்.

இராமநாதபுரம் மாவட்டக் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப், காவலருக்கும் ஊருக்கும் இடையே இப்படி விழுந்த இடைவெளியைக் குறைக்க நண்பர்கள் குழுவைத் தொடங்கினார். குற்றவழக்கு இல்லாத எவரும் அதில் சேர முடிந்தது. அடையாள அட்டை தரப்பட்டது, சம்பளம் தரப்படவில்லை. இத்திட்டத்துக்காக 2002இல் பிலிப் பிரிட்டிஷ் அரசியின் பெயரிலான காவல் விருதைப் பெற்றார்.

நடைமுறையில் சிக்கல் ஆள் பற்றாக்குறையிலிருந்தே தொடங்கியது. திருவிழா பந்தோபஸ்து, இரவு ரோந்து, வாகனச் சோதனை என்று எங்கெல்லாம் கை குறைந்ததோ அங்கெல்லாம் இந்தத் தன்னார்வலர்கள் நிறுத்தப்பட்டனர். ஊரின் குறையை நிலையத்துக்குச் சொல்ல வந்தவர், லத்தியோடு ஊரை மறிப்பவரானார். ஊர்க்காவல் படைக்கு 1963ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. இவர்களுக்கோ அப்படியொரு சட்டம் இருக்கவில்லை. எதைச் செய்யலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்தந்த நிலைய இன்ஸ்பெக்டரே முடிவுசெய்தார். எந்தச் சாதி, எந்தக் கட்சிக்காரர் நிலையத்தோடு நெருக்கம் என்பதை ஊர் உடனே கண்டுகொள்ளும். பக்கச்சார்பு என்ற பேச்சு எழ அதுவே போதும்.

1999இல் திருச்சி மாநகர ஆணையராக வந்த ஜே.கே. திரிபாதி வேறு வழியில் போனார். தன்னார்வலரை நிலையத்துக்குள் அழைப்பதைவிட, ஒரு பகுதிக்குப் பொறுப்பான பீட் காவலரைத் தெருவுக்கு அனுப்பினார். புகார் பெட்டிகள் வைத்தார், குடிசைப் பகுதிகளைக் காவல்துறை தத்தெடுக்கச் செய்தார். தெருவில் முகம் தெரிந்த காவலர் ஒருவர் என்ற அந்த ஏற்பாடே, நண்பர்கள் குழுவைவிடச் சமுதாயக் காவலுக்கு நெருக்கமானது. ஆனால் அதிகாரியின் ஆர்வத்தில் நடப்பவை, அவர் இடமாறுதலில் போனதும் தளர்வது துறையில் வழக்கம்.

2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தில் செல்போன் கடை திறந்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தனர். நண்பர்கள் குழுவினரும் அன்று நிலையத்தில் இருந்தனர் என்று குற்றச்சாட்டு எழுந்தது. பிலிப் அதை மறுத்தார். ஜூலையில் மாநிலம் முழுவதும் குழுவுக்குத் தடை வந்தது. அப்போது மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்தவர், திருச்சியில் பீட் முறையை நடத்திய அதே திரிபாதி. செப்டம்பரில் சாத்தான்குளம் வழக்கில் சிபிஐ தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் ஒன்பது பேர் இருந்தனர். ஒன்பது பேரும் காவல்துறையினர்.