வௌவால் பறந்த தொலைவு: பேராக் தரும் வரலாற்றுப் பாடம்

அந்தி மங்கும் வேளையில், கிந்தாப் பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் குன்றுகளை விட்டு வௌவால்கள் புறப்படும் காட்சி, பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர்க்குப் புதிதன்று. அவை எங்கே செல்கின்றன, எவ்வளவு தொலைவு செல்கின்றன என்னும் வினாவுக்கு விடை காண நெடுங்காலம் ஆயிற்று. அவ்விடை நம் நாட்டில் இரு வழிகளில் கிடைத்தது. ஒன்று பூந்துகளின் வழி. மற்றொன்று நோயின் வழி.

முதலாவது பத்துமலையில் நிகழ்ந்தது. அங்குள்ள குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் வாழ்கின்றன. அவற்றின் எடை ஏறத்தாழ 60 கிராம். பறக்கும் விலங்கின் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சுமையை ஏற்றலாகாது என்பது ஆய்வாளர் பின்பற்றும் பொதுவிதி. அவ்விதிப்படி இச்சிறு வௌவால் சுமக்கத்தக்கது 3 கிராம் மட்டுமே. 1970களில் ஸ்டார்ட், மார்ஷல் என்னும் ஆய்வாளர் இருவரும் வௌவால்களின் எச்சத்திலிருந்த பூந்துகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தனர். டுரியான் பூவின் துகளோடு, கடலோர அலையாத்திக் காட்டு மரங்களின் துகளும் அதில் இருந்தது. அக்காடோ குகையிலிருந்து ஏறத்தாழ 38 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது!

இதன் பொருளை மாணவர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். டுரியான் ஆண்டில் சில வாரங்களே பூக்கும். அதன் பூ பிற்பகலில் மலர்ந்து, விடியுமுன் உதிரத் தொடங்கும். எஞ்சிய மாதங்களில் வௌவாலுக்கு உணவளிப்பவை அலையாத்தி முதலிய பிற மரங்களே. ஆகவே, கடலோரக் காட்டை அழிப்பவர், தாம் காணாத உள்நாட்டு டுரியான் தோட்டத்தின் விளைச்சலுக்கும் ஊறு செய்பவராவர்.

இரண்டாம் வழி துயரமானது. 1998ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஈப்போவைச் சூழ்ந்த கிந்தா வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் பணியாற்றியோர் கடுங்காய்ச்சலுக்கும் மூளை அழற்சிக்கும் ஆளாயினர். கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் பயன் தரவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சுவா காவ் பிங் புதிய கிருமியைக் கண்டறிந்தார். நோயுற்றவர் ஒருவரின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே அதற்கு 'நிப்பா' என வழங்கலாயிற்று. மலேசியாவில் நோயுற்ற 265 பேருள் 105 பேர் மாண்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

அக்கிருமியின் இயற்கை உறைவிடம் பழந்தின்னி வௌவால் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நோய் தொடங்கிய பண்ணையில் பன்றிக் கொட்டில்களை அடுத்து மாமரங்கள் நின்றன. வௌவால் கடித்துப் போட்ட கனிகளின் வழியே கிருமி பன்றியை அடைந்திருக்கும் என ஆய்வாளர் கருதினர். பறப்பை அளக்கும் பணி இதன்பின் அவசரத் தேவையாயிற்று.

மலாய் மொழியில் கெலுவாங் எனப்படும் பெரும் பழந்தின்னி வௌவால் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடையும் ஒன்றரை மீட்டர் வரை சிறகு விரிவும் உடையது. ஆதலால் செயற்கைக்கோளோடு தொடர்புகொள்ளும் சிறு கருவியை அது சுமக்க இயலும். 2009இல் வெளிவந்த ஆய்வின்படி, தீபகற்ப மலேசியாவில் கருவி பூட்டப்பட்ட வௌவால்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து, இந்தோனேசியாவையும் தாய்லாந்தையும் தம் வாழ்பரப்பில் அடக்கியிருந்தன. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் உரைத்தது. 2002 முதல் 2005 வரை வழங்கப்பட்ட 1,756 வேட்டை உரிமங்கள் 87,800 வௌவால்களைக் கொல்ல இடமளித்தன. இவ்வேட்டையை அவ்வினம் தாங்காது என ஆய்வாளர் எச்சரித்தனர்.

நிப்பாவின் நினைவால் வௌவாலை வெறுப்பது எளிது. ஆயினும் நோய்க்கு வழி திறந்தது வௌவாலின் சிறகு மட்டுமன்று. கனிமரத்தையும் கொட்டிலையும் அருகருகே அமைத்த மனிதரின் ஏற்பாடும் ஆகும். மரத்தைக் கொட்டிலிலிருந்து விலக்கி வைத்தல் நம்மால் இயலும். வௌவாலை ஒழித்தபின் டுரியான் பூவுக்கு இரவில் வரும் விருந்தினரை உண்டாக்குதல் இயலாது. தோட்ட வேலியும் நாட்டெல்லையும் நாம் வகுத்தவை. அவற்றைக் கடந்து பறக்கும் உயிரைக் காக்கும் சட்டமும் அவற்றைக் கடந்து செல்லுதல் வேண்டும்.