பெயரறியாப் போர்வீரர் கல்லறை

போரில் உயிர்நீத்து, இன்னார் என்று அடையாளம் காணமுடியாமல் போன வீரர் ஒருவரின் உடலை அரசு மரியாதையுடன் அடக்கம் செய்து, அவர்போல் மறைந்த அனைவரின் பொருட்டும் போற்றப்படும் நினைவிடம். இன்றைய வடிவில் இது முதல் உலகப் போருக்குப் (1914–1918) பின் உருவானது.

தோற்றம்
பீரங்கித் தாக்குதலில் லட்சக்கணக்கான உடல்கள் சிதைந்து சேற்றில் புதைந்தன. உடல்களைத் தாயகம் கொண்டுவரவும் பிரிட்டன் தடை விதித்திருந்தது. மகன் எங்கே கிடக்கிறான் என்றறியாத பெற்றோருக்கு அழுவதற்குக்கூட ஓர் இடமில்லை. 1916இல் பிரான்சின் ஆர்மென்டியேர் அருகே, ஒரு வீட்டுத் தோட்டத்தில் மரச்சிலுவை நட்ட கல்லறையை ராணுவப் பாதிரியார் டேவிட் ரெயில்டன் கண்டார். பெயர் இருக்கவேண்டிய இடத்தில், பெயர் தெரியாத பிரிட்டிஷ் வீரர் என்று பென்சிலால் எழுதியிருந்தது. அப்படிப்பட்ட ஒருவரை நாடே கூடி அடக்கம் செய்யவேண்டும் என்று 1920இல் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத் தலைவருக்கு அவர் கடிதம் எழுதினார்.

முதல் கல்லறைகள்
1920 நவம்பர் 11 அன்று, மன்னர்கள் துயிலும் அந்த லண்டன் தேவாலயத்தில், பிரான்சிலிருந்து கொண்டுவந்த மண்ணில் பெயரறியா வீரர் அடக்கமானார். கணவரையும் மகன்கள் அனைவரையும் இழந்த சுமார் 100 பெண்கள் சிறப்பு விருந்தினர்களாக அமர்த்தப்பட்டனர்.

அதற்கு முந்தைய நாள் பிரான்சின் வெர்தன் கோட்டையில், போரில் தந்தையைப் பறிகொடுத்த இளம் வீரர் ஒருவரின் கையில் பூச்செண்டு கொடுத்து, 8 சவப்பெட்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். தம் படைப்பிரிவின் எண்ணான 132இன் இலக்கங்களைக் கூட்டி, 6ஆம் பெட்டிமீது அவர் பூச்செண்டை வைத்தார். அப்பெட்டியிலிருந்த வீரரே பாரிஸின் வெற்றி வளைவின்கீழ் துயில்கிறார். அங்கே 1923இல் ஏற்றிய சுடர் இன்றும் அன்றாடம் மாலையில் தூண்டப்படுகிறது.

பரவல்
1921இல் ரோமிலும் அமெரிக்காவின் ஆர்லிங்டனிலும் இத்தகைய கல்லறைகள் எழுந்தன. இத்தாலிய வீரரைத் தேர்ந்தெடுத்தவர், மகனின் உடலைக் காணாத தாய் மரியா பெர்காமாஸ். இந்தியாவில், பாகிஸ்தானுடனான 1971 போருக்குப்பின், 1972 ஜனவரி 26 அன்று டெல்லி இந்தியா கேட்டின்கீழ் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. தலைகீழாக நிறுத்திய துப்பாக்கியும் அதன்மேல் தலைக்கவசமும் கொண்டிருந்த இந்நினைவிடத்தில் உடல் அடக்கம் இருக்கவில்லை.

பெயர் மீட்பு
வியட்நாம் போரில் இறந்தவராக 1984இல் ஆர்லிங்டனில் அடக்கமான வீரர், 1972இல் சுட்டுவீழ்த்தப்பட்ட விமானி மைக்கேல் பிளாசி என்பதை 1998இல் மரபணுச் சோதனை உறுதிசெய்தது. உடல் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் கிடந்த அறையில் வேறு யாரையும் வைக்கவில்லை. டெல்லியில் 2019இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவிடத்தின் சுவர்களில் 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. 2022இல் அமர் ஜவான் ஜோதியும் அங்குள்ள சுடருடன் சேர்க்கப்பட்டது. பெயர் தெரியாத வீரருக்கு நாடே உறவாக நின்று செய்யும் கடமை இக்கல்லறை. பெயர் தெரிந்தபின் அதை உரியவரிடம் திருப்பித் தருவதும் அதே கடமையில் அடங்கும்.