வளவுகள் சுருங்கிய கதை: கல்முனைக் கரையில் ஓய்வுக்கான வெளிகள்

அண்மையில் கல்முனைக்குச் சென்றிருந்தேன். அஸர் தொழுகை முடிந்த வேளை. கடற்கரையை நோக்கிச் செல்லும் ஒடுங்கிய வீதியொன்றின் நடுவே சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். முச்சக்கர வண்டி வரும்போதெல்லாம் விக்கெட்டாக வைத்திருந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு மதிலோரம் ஒதுங்கினார்கள். வண்டி கடந்ததும் கதிரை மீண்டும் வீதியின் நடுவுக்கு வந்தது. அருகிலிருந்த வீட்டின் வாயிலில் நின்று, அவர்களின் வயதையொத்த இரண்டு சிறுமிகள் அந்த ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிறுவர்களுக்கு வீதியாவது இருந்தது. சிறுமிகளுக்கு அதுவும் இல்லை.

இக்காட்சி எனக்குப் புதியதன்று. இப்பகுதியிலிருந்து பல ஆண்டுகளாகச் செய்தி எழுதியவன் நான். "விளையாட்டு மைதானம் வேண்டும்", "சிறுவர் பூங்கா வேண்டும்" என்ற கோரிக்கைகளை எத்தனை முறை எழுதியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் இம்முறை வேறொரு கேள்வி மனத்தில் எழுந்தது. முன்னைய காலத்திலும் இவ்வூர்களில் பூங்கா இருந்ததில்லை. அப்படியாயின் அன்றைய பிள்ளைகள் எங்கே விளையாடினார்கள்? அந்த இடம் எங்கே போயிற்று?

முதலில் நிலத்தின் அமைப்பைப் பார்ப்போம். வடக்கே பெரியநீலாவணை தொடங்கி மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று தெற்கு நோக்கி ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. அதற்கப்பால் மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர். கிழக்கே கடல்; மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் மேட்டில், கொழும்பையும் மட்டக்களப்பையும் பொத்துவில் வழியாக இணைக்கும் நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் மக்கள் வாழ்கிறார்கள். கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர். கிழக்கே வளர முடியாது, மேற்கே வளர்ந்தால் சோறு குறையும். இந்த ஊர்களின் வரலாறு முழுவதையும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடக்கிவிடலாம்.

பொதுமக்களுக்கென்று திறந்த வெளிகளைத் திட்டமிட்டு ஒதுக்கும் வழக்கம் ஆங்கிலேயர் காலத்தில் தலைநகரங்களிலேயே தொடங்கியது. கொழும்பின் காலிமுகத்திடல் நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களினதும் குழந்தைகளினதும் நலன் கருதி அதனைத் தமக்குப் பின்வரும் ஆளுநர்களின் பொறுப்பில் விடுவதாக அங்கே கல்லில் பொறித்தும் வைத்தார். சென்னையில் ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் கடற்கரையோரம் உலாவும் பாதையொன்றை அமைத்து, அதற்கு மெரினா என்று பெயர் சூட்டினார். அந்தக் காலத்து ஆட்சியாளர் யாருடைய வசதியை மனத்தில் கொண்டு இவற்றைச் செய்தனர் என்பது வேறு விடயம். இன்று அவ்விரு கரைகளும் எல்லா மக்களுக்கும் உரியவை. கல்முனைக்கு அப்படி ஓர் ஆளுநர் வாய்க்கவில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியில், 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும்வரை, அது தொலைதூரச் சிறு பட்டினமாகவே இருந்தது.

ஆயினும் அன்றைய மக்கள் மூச்சுமுட்டி வாழவில்லை. அவர்களிடம் வளவு இருந்தது.

கிழக்கிலங்கையின் வளவு என்பது வெறும் வீட்டுக் காணியன்று. தென்னையும் மாவும் முருங்கையும் நிழல் தர, கிணற்றடி ஒரு புறமும் மாட்டுப்பட்டி மறுபுறமுமாக விரிந்து கிடந்த வெளி அது. வளவுக்கும் வளவுக்கும் நடுவே கிடுகு வேலி. அவ்வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி. தெருவுக்கு வராமலேயே ஒரு பெண் தன் தாய் வீட்டிலிருந்து சாச்சி வீட்டுக்கும், அங்கிருந்து பெரியம்மா வீட்டுக்கும் போய்வர முடிந்தது. சிறுமிகள் கொக்கான் வெட்டியதும் ஊஞ்சல் ஆடியதும் அங்கேதான். பெண்கள் பாய் இழைத்ததும் கதை பேசியதும் அங்கேதான். ஆண்களுக்கு வயலும் கடற்கரையும் பள்ளிவாசல் முன்றலும் இருந்தன. பெண்களுக்கு இருந்த ஒரே பொதுவெளி இந்த வளவுகளின் தொடர்ச்சியே. அதைப் பூங்கா என்று யாரும் அழைக்கவில்லை; ஆகவே அது மறைந்தபோது இழப்பென்றும் யாரும் கணக்கில் எழுதவில்லை.

வளவு எவ்வாறு மறைந்தது? பெண்ணுக்கு வீடு கொடுத்துத் திருமணம் செய்விப்பது இப்பிரதேசத்து முஸ்லிம்களுக்கும் தமிழருக்கும் பொதுவான வழமை. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியேறுவார். அக்கரைப்பற்றில் பல்லாண்டுகள் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, 2008இல் வெளியான தமது நூலில் இத்தாய்வழி மரபை விரிவாக எழுதியுள்ளார். பெண்ணின் கையில் வீடும் நிலமும் இருப்பதால் அவளுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு சிறியதன்று. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் வளவு என்பது 160 பேர்ச். ஐந்து பெண்மக்கள் இருந்தால் ஆளுக்கு 32 பேர்ச். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு பெண்மக்கள் எனில் ஆளுக்கு 8 பேர்ச். இரண்டே தலைமுறையில் ஒரு தோப்பு இருபது வீடுகளாகிவிட்டது. அடுத்த தலைமுறைக்கு மாடிதான். வேலி மதிலாயிற்று. மதிலில் இடைவெளி விடுவார் எவருமில்லை.

இங்கேதான் சட்டம் கைவிட்டதையும் சொல்லவேண்டும். இலங்கையில் நகரத் திட்டமிடலுக்குச் சட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1915இல் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. 1946இல் நகர, நாட்டுப்புறத் திட்டமிடல் கட்டளைச் சட்டம் வந்தது. 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் நகர அபிவிருத்தி அதிகார சபையை உருவாக்கியது. அதன் கீழ் 1986இல் வகுக்கப்பட்ட விதிகள், ஒரு ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணியைத் துண்டாடும்போது, வீதிகள் நீங்கலாகப் பத்து வீதத்தைப் பொதுத் தேவைக்கும் பொழுதுபோக்குக்கும் ஒதுக்கவேண்டும் என்றன. நல்ல விதி. பெருந்தோட்டங்களை வாங்கித் துண்டாக்கி விற்கும் மேல் மாகாணத்துக்குப் பொருத்தமான விதி.

ஒரு ஹெக்டேயர் என்பது ஏறத்தாழ 395 பேர்ச். கல்முனையில் அவ்வளவு பெரிய காணியை ஒரே நாளில் எவரும் துண்டாடுவதில்லை. இங்கே நிலம் திருமணத்துக்குத் திருமணம், உறுதிக்கு உறுதி, சிறிது சிறிதாகப் பிரிகிறது. ஒவ்வொரு பிரிவும் விதிக்கு உட்பட்டதே. அவற்றின் கூட்டுத்தொகையில் ஒரு பேர்ச் கூட பொதுவெளிக்கு மிஞ்சவில்லை. எவரும் சட்டத்தை மீறாமலேயே ஒரு நகரம் தன் திறந்த வெளி முழுவதையும் இழக்கமுடியும் என்பதற்குக் கல்முனை சாட்சி.

வயலும் முன்போல் இல்லை. அறுவடை முடிந்த வயல் ஒரு காலத்தில் ஊரின் மாபெரும் மைதானம். பட்டம் ஏற்றியதும் பந்தடித்ததும் அங்கேதான். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின்னர் சிறுபோகச் செய்கை விரிவடைய, வயல் வெறுமையாகக் கிடக்கும் மாதங்கள் குறைந்தன. இது நன்மையே, உண்ணும் சோறு அதிலிருந்து வருகிறது. பின்னர் யுத்த காலம் வந்தது. 1990க்குப் பின் மாலையானால் வயற்பக்கம் போக அஞ்சினார்கள். வீடு கட்ட இடமின்றி வயல் நிரப்பும் வழக்கமும் பெருகியது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் நெற்காணியை அனுமதியின்றி நிரப்புவதைத் தடுக்கிறது. அச்சட்டத்தின் நோக்கம் சரியானது. ஆயினும் மேற்கே புதிய மைதானம் அமைக்க எண்ணுவோருக்கும் அதுவே எல்லை.

எஞ்சியது கடற்கரை. கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறுகிறது. மிட்டாய்க் கடைகளும் வளையல் கடைகளும் மணலில் நிரம்பும். பெண்களும் குழந்தைகளும் தயக்கமின்றிக் கூட்டமாக வெளியே வந்து மகிழும் நாட்கள் அவை. பெருநாள் மாலைகளிலும் ஊரே கடற்கரைக்குத் திரண்டு வரும். ஆக, ஓய்வுக்கான வெளியை இம்மக்கள் விரும்பவில்லை என்றோ, பெண்கள் வெளியே வரமாட்டார்கள் என்றோ சொல்வது பொய். இடமும் பாதுகாப்பும் இருந்தால் அவர்கள் வருகிறார்கள்.

அந்தக் கடற்கரைக்கு 2004 டிசம்பர் 26 வந்தது. இலங்கையின் மாவட்டங்களுள் அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறையே. அந்நாட்களில் அங்கே செய்தி சேகரித்தவர்கள் எவரும் அந்த மணலை முன்போல் பார்க்கமாட்டார்கள். அடுத்து வந்த மாதங்களில் அரசு பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். அதற்குள் வீடு கட்டக்கூடாது. ஏற்கெனவே ஒடுங்கிய ஊரில் 200 மீற்றரை விட்டுக்கொடுப்பதென்றால் மீனவக் குடும்பங்கள் எங்கே போவது? எதிர்ப்பு எழுந்தது, அது நியாயமான எதிர்ப்பு. பின்னர் விதி தளர்த்தப்பட்டது. மருதமுனையில் "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்று ஒரு திட்டத்துக்குப் பெயரே விழுந்தது. மீற்றர் கணக்கு மக்களின் வாழ்வில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு அப்பெயரே போதும்.

அக்காலத்தில் நானும் வலயத்தைப் பற்றி நிறைய எழுதினேன். எத்தனை மீற்றர், யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்றே எழுதினேன். வீடு கட்டக்கூடாத அந்நிலம் என்னவாகவேண்டும் என்று ஒரு வரியும் எழுதவில்லை. மாற்றுக் காணி கிடைத்துக் குடும்பங்கள் நகர்ந்த இடங்களிலாவது, அந்நிலத்தை அளந்து, எல்லைக்கல் நட்டு, மரம் வைத்து, பொதுமக்களின் வெளியென்று பதிவு செய்திருக்கலாம். உரிமை தெளிவில்லாத நிலம் மெல்ல மெல்லக் குப்பைமேடாகவும் அத்துமீறிய கட்டடமாகவும் மாறுவது உலக வழக்கம். ஆங்காங்கே சிறுவர் பூங்காக்கள் அமைக்கப்பட்டதுண்டு. ஆனால் அவை திட்டமொன்றின் பகுதிகளாக அமையவில்லை. நிதி கிடைத்த இடத்தில் முளைத்தவை. ஊஞ்சல் துருப்பிடித்தால் யார் மாற்றுவது என்பது திறப்புவிழாப் பலகையில் எழுதப்படுவதில்லை.

இப்போது கடலே நிலத்தை உண்கிறது. ஒலுவில் துறைமுகம் அமைக்கப்பட்ட பின்னர் ஒலுவிலிலும் நிந்தவூரிலும் கரை அரிக்கப்பட்டு, தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கரையோரத்தைக் காப்பது பூங்காவைக் காப்பதும் ஆகும் என்பதை நாம் இன்னும் உணரவில்லை.

இன்னொரு தடையையும் மறைக்காமல் சொல்கிறேன். 1987க்கு முன்னர் இப்பகுதியில் கல்முனைப் பட்டின சபையும் கரவாகு வடக்கு, மேற்கு, தெற்குக் கிராம சபைகளும் இருந்தன. பின்னர் அவை ஒன்றாக்கப்பட்டன. 2001இல் கல்முனை மாநகர சபையாயிற்று. சாய்ந்தமருதுக்குத் தனி நகர சபை வழங்கும் வர்த்தமானி 2020 பெப்ரவரியில் வெளியாகி, சில நாட்களிலேயே இடைநிறுத்தப்பட்டது. கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019இல் உண்ணாவிரதம் நடந்தது. இவற்றில் எவர் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. ஆனால் ஒவ்வொரு துண்டு நிலமும் எல்லைப் பிணக்காகப் பார்க்கப்படும் ஊரில், எவருக்கும் தனியே சொந்தமில்லாத நிலத்தைக் கேட்க ஆளில்லை. மாநகர சபைகள் கட்டளைச் சட்டம் மக்களின் சௌகரியத்தையும் நலனையும் சபையின் கடமையாகவே சொல்கிறது. அக்கடமைக்கு வாக்கு வங்கி இல்லை.

என்ன செய்யலாம்? பெரும் பூங்காவைக் கனவு காண்பதில் பயனில்லை. அதற்கு நிலம் இல்லை. ஸ்கொட்லாந்து அறிஞர் பற்றிக் கெடிஸ் 1914–15இல் தஞ்சாவூர் உள்ளிட்ட சென்னை மாகாண நகரங்களை ஆராய்ந்தார். 1921இல் கொழும்புக்கும் திட்டம் வரைந்தார். நெருக்கமான தெருக்களை இடித்துத் தள்ளவேண்டாம்; பாழடைந்த மனைகளையும் மூலை நிலங்களையும் இணைத்து, மரம் நட்டுச் சிறு முற்றங்களாக்குங்கள் என்பதே அவரது போதனை. உடலெங்கும் கத்தி வைக்காமல் நோயுள்ள இடத்தை மட்டும் தொடும் வைத்தியரின் முறை அது. கல்முனைக்கு அதுவே பொருந்தும்.

முதல் வேலை, எஞ்சியிருக்கும் பொதுநிலத்தைக் கணக்கெடுப்பது. சந்தாங்கேணி மைதானம் தொடங்கிக் கடற்கரை ஒதுக்கு நிலம், பாடசாலை மைதானங்கள், கைவிடப்பட்ட அரச காணிகள்வரை, இன எல்லை பாராது ஒரே பட்டியலில் எழுதவேண்டும். இரண்டாவது, பாடசாலை மைதானங்களை மாலை வேளைகளில் ஊருக்குத் திறந்துவிடுவது; அதில் சில நாட்களைப் பெண்களுக்கென்றே ஒதுக்குவது. மூன்றாவது நம் மரபிலேயே இருக்கிறது. கிணறு, மடம், நிழல்மரம் ஆகியவற்றை வக்பு செய்த சமூகம் இது. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிள்ளைகள் விளையாடும் பத்துப் பேர்ச் நிலம் நிலையான தர்மமாகாதா? வெளிநாடுகளில் வாழும் நம்மவர்கள் ஊருக்குக் கட்டடம் கட்டித் தருவதில் காட்டும் ஆர்வத்தை, கட்டடம் எழாத நிலத்தை வாங்கித் தருவதிலும் காட்டலாம்.

வார்ட் தமக்குப் பின்வருவோருக்குக் கல்லில் எழுதிவைத்தார். நம் மூதாதையர் எதையும் எழுதவில்லை. வேலியில் ஓர் இடைவெளியை மட்டும் விட்டுவைத்தார்கள். அன்று வாயிலில் நின்ற அந்தச் சிறுமிகளுக்கு இன்று தேவைப்படுவதும் அதுதான்.