எடைக்குப் போடும் முன்: இசைத்தட்டின் கதை



வீடு மாற்றும்போதும், ஊரில் பெரியவர்கள் காலமான பிறகு பூர்வீக வீட்டைக் காலி செய்யும்போதும் நம்மில் பலர் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பரணில் பழைய ரிக்கார்டு கிடக்கிறது, யாராவது வாங்குவார்களா?" பதில் கிடைப்பதற்குள் அவை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. அங்கே எடைதான் விலை. விற்பனை நின்றுபோன பாட்டுகளின் உலோக அச்சுகளைக் கம்பெனிகள் உருக்கிவிடுவது உண்டு. அப்படிப்பட்ட பாட்டுக்கு, மக்கள் வீட்டில் மிஞ்சியிருக்கும் தட்டுதான் மூலப் பத்திரம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

அரக்கில் பதிந்த குரல்

1902ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகியின் குரலைப் பதிவு செய்தார். அந்தப் பதிவுகள் கப்பலில் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குப் போய், அங்கே தட்டாக அச்சாகித் திரும்பி வந்தன. பாடியது யார் என்று அங்குள்ளவர்களுக்குத் தெரிய வேண்டுமே! அதற்காகப் பாட்டு முடிந்ததும் அந்த அம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பார். 1908இல் கல்கத்தாவிலேயே தொழிற்சாலை வந்தது. பின்னாளில் அது டம்டம்முக்கு மாறியது.

அந்தக் காலத்துத் தட்டு எதனால் ஆனது தெரியுமா? அரக்கு. வங்கியில் பணப்பைக்கு முத்திரை வைக்க உருக்குவோமே, அதேதான். சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. அதோடு கல்மாவும் கரியும் கலந்து சூட்டில் அழுத்தித் தட்டு செய்தார்கள். உலகத்துக்கு வேண்டிய அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டிலிருந்தே போனது. இரண்டாம் உலகப் போரில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கான அரக்கை 70 சதவீதம் குறைத்தது. பழைய தட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கிப் புதுத் தட்டு செய்தார்கள். பழைய பாட்டுகள் பல அப்படியே கரைந்து போயின.

1948இல் கொலம்பியா கம்பெனி வினைல் என்ற பிளாஸ்டிக்கில், நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்.பி. தட்டை வெளியிட்டது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. 45 சுற்றுத் தட்டைக் கொண்டுவந்தது. நம் நாட்டில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் ஏராளமாக இருந்ததால், பழைய 78 சுற்றுத் தட்டு வெகுநாள் தொடர்ந்தது. 1960களின் நடுவில்கூட பீட்டில்ஸ் பாட்டுகள் டம்டம்மில் 78 தட்டாக அச்சாயின. மேல்நாடுகளில் அந்த வகை வழக்கொழிந்துவிட்டதால், இன்று வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

தமிழில்

பத்து அங்குல 78 தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் ராகம் பாடுகிறவர்களும் அதற்குள் அடங்க வேண்டியிருந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமி முதல் தட்டுக்குப் பாடியது 1926இல், பத்து வயதில். உடன் வீணை வாசித்தவர் அவருடைய தாயார் சண்முகவடிவு. நாடக மேடையின் கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடை போடாத ஊர்களுக்கும் தட்டு வழியாகவே போய்ச் சேர்ந்தார்கள். ஏ.வி. மெய்யப்பச் செட்டியார்கூட, படத் தயாரிப்புக்கு வருவதற்கு முன் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடத்திய இசைத்தட்டு வியாபாரிதான்.

நம் பக்கத்தில் சொந்தமாக ரிக்கார்டு வாங்கியவர்கள் குறைவு. கல்யாண வீடு, கோவில் கொடை, அசனம் என்றால் குழாய் கட்டி ரிக்கார்டு போடுகிற ஸ்பீக்கர் செட்காரர்தான் ஊருக்கே இசை கொடுத்தவர். பாஞ்சாலங்குறிச்சி நம் மாவட்டம் என்பதால், வீரபாண்டிய கட்டபொம்மன் பட வசனம் குழாயில் வந்தால் தனி மரியாதை. 1980களில் கேசட் பரவியது. ரிக்கார்டு பெட்டிகள் பரணுக்கு ஏறின.

தரம் பிரிப்பது

வங்கியில் நோட்டுகளை நல்லது, அழுக்கு, கிழிசல் என்று பிரித்துக் கட்டுவோம். இதிலும் அப்படித்தான். உலகெங்கும் வழங்குவது அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் பரப்பிய வரிசை: மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட், ஃபேர், பூர். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த வரிசையில் 'குட்' என்றால் கீறலும் இரைச்சலும் உள்ள தட்டு. வெரி குட் பிளஸ் என்றால்தான் நிம்மதியாகக் கேட்கலாம். தட்டுக்கு ஒரு தரம், உறைக்குத் தனியாக ஒரு தரம்.

முதலில் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். விளிம்பு உடைந்திருக்கிறதா, மயிரிழை விரிசல் உண்டா, வளைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். 78 தட்டில் வரிகள் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால் தேய்ந்துவிட்டது என்று பொருள். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் தட்டைத் தின்றுவிடும். ஸ்பீக்கர் செட்டில் உழைத்த தட்டுகள் பல இந்த நிலையில்தான் கிடைக்கும். லேபிளை ஒட்டிய வழுவழுப்பான பகுதியில் பொடியாகச் சில எண்கள் பொறித்திருக்கும். அவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இது எந்தப் பதிவு என்பதற்கு அடையாளம் அதுதான்.

சுத்தம் செய்வது

இங்கே ஒரு எச்சரிக்கை. 78 தட்டில் ஸ்பிரிட், சானிடைசர், கொலோன் எதுவும் படக்கூடாது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரே துடைப்பில் பாட்டு போய்விடும். வினைல் தட்டுக்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் எது அரக்கு, எது வினைல் என்று சந்தேகம் இருந்தால் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 78 என்றால் கனமாக இருக்கும், கீழே விழுந்தால் ஓடுபோல் உடையும். வினைல் வளைந்து கொடுக்கும்.

தேரிக்காட்டுப் புழுதியும் மழைக்காலப் பூஞ்சையும்தான் நம் பகுதியில் தட்டுக்கு எதிரிகள். முதலில் மென்மையான தூரிகையால் உலர்ந்த தூசியைத் தட்டுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மென்மையான சோப்புத் திரவம் விட்டு, பருத்தித் துணியால் வரிகளின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்க வேண்டாம். லேபிள் காகிதம், நனையக் கூடாது. நம் போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு வரிகளில் படியும். மறுபடி நல்ல நீரால் துடைத்து, நிழலில் நிறுத்தி உலர வையுங்கள். அடுக்கும்போது நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் அடியில் உள்ளது வளையும் அல்லது உடையும்.

இன்னொன்று. 78 தட்டின் வரி அகலமானது, அதற்கு வேறு ஊசி வேண்டும். எல்.பி. தட்டைப் பழைய சாவி கிராமபோனில் போட்டால் அன்றோடு அதன் கதை முடிந்தது.

விற்பது

வணிகவியலில் படித்த முதல் பாடம் இங்கே பொருந்தும்: புகழ் வேறு, அருமை வேறு. 1963இல் வந்த எம்.எஸ். அம்மாவின் வேங்கடேச சுப்ரபாதத் தட்டு எத்தனையோ வீடுகளில் உண்டு. அதன் ராயல்டியைத் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே கொடுத்துவிட்டார் என்பது அதன் பெருமை. ஆனால் எளிதில் கிடைப்பதால் பெரிய விலை போகாது. யாருக்கும் நினைவில்லாத நாடகப் பாடகர் ஒருவரின் தட்டு அதைவிட அதிகம் மதிக்கப்படலாம்.

விற்கும்போது குறையை முதலில் எழுதுங்கள். விரிசலை மறைத்தால் தட்டு திரும்பி வரும், நல்ல பெயர் திரும்பி வராது. அட்டைகளுக்கு நடுவே இறுக்கமாக வைத்துக் கட்டி அனுப்புங்கள். பணம் பெறுவதற்கு நீங்கள் கியூஆர் ஸ்கேன் செய்யவோ பின் எண் போடவோ தேவையில்லை. அப்படி யாராவது கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள்.

விற்க மனமில்லை, வைக்க இடமில்லை என்றாலும் வழி உண்டு. சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் தனிமனிதராகவே பல்லாயிரம் தட்டுகளைக் காத்தார்கள். ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் நூல்களோடு இசைத்தட்டுகளையும் பேணுகிறது. பழைய ரிக்கார்டு தேடுகிறவர்கள் ஒரு காலத்தில் நம்பியிருந்த மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையானது. இனி நம் வீட்டுப் பரண்களையும் நம்பித்தான் இருக்க வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். ரிக்கார்டு பெட்டி எதையும் எடைக்குப் போடும் முன், தட்டின் பெயர், பாடியவர், எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதி நம் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். பட்டியல் போட்டு, தரம் பார்த்துச் சொல்ல நான் தயார். கட்டணம் கிடையாது. முடிவு உங்களுடையது.